பாறைக்குச் சாம்பல் நிறம் வரமாட்டேன் என்கிறது, யாராவது சொல்லுங்கள்

மதுரையிலிருந்து எழுதுகிறேன். எண்ணெய் வண்ணம் பழகுவதற்காக, ரஷ்ய ஓவியர் கிராம்ஸ்கோய் 1872இல் வரைந்த, பாலைவனத்தில் கிறிஸ்து உட்கார்ந்திருக்கும் படத்தைப் பார்த்து வரைகிறேன். மூலப்படம் 180க்கு 210 செ.மீ., என்னுடையது அதில் கால்வாசிகூட இல்லை. உருவம் பிறகு பார்க்கலாம், பாறைகள்தான் உயிரை வாங்குகின்றன.

அடிவானத்தில் விடியலின் இளஞ்சிவப்பு, கீழே குளிர்ந்த சாம்பல் கற்கள். கறுப்பும் வெள்ளையும் கலந்தால் சிமெண்ட் மாதிரி செத்துக் கிடக்கிறது. அல்ட்ராமரைன் நீலத்தோடு பர்ன்ட் அம்பர் என்கிற கரும்பழுப்பைச் சேர்த்தால் பரவாயில்லை, ஆனால் இளஞ்சிவப்பைத் தொடும் இடத்தில் சேறாகிவிடுகிறது. கீழ்ப்பூச்சு காய்ந்தபின் மெல்லிசாக மேலே கொடுக்கலாமா, ஈரத்திலேயே இழைக்க வேண்டுமா? மேல்பூச்சில் ஆளிவிதை எண்ணெய் கூட இருக்கணும் என்பது தெரியும், எவ்வளவு கூட?

அப்புறம், வண்ணத்தை இளக்கச் சேர்க்கும் டர்பன்டைன் வாடை அம்மாவுக்கு ஆகவில்லை. வாடை குறைந்தது மதுரையில் எங்கே கிடைக்கும்?