மறு: 'எரிச்சல் குடல்' வேண்டாம், 'கூருணர் குடல்' என்போம்

> 'எரிச்சல் குடல் நோய்' ஏற்கெனவே புழங்குகிறதே, புதிதாக ஏன் இன்னொன்று?

வணக்கம் ஐயா. Irritable Bowel Syndrome (IBS) என்ற நோய்க்கு அந்தப் பெயர் புழங்குகிறது என்பதுதான் என் கவலையே. வயிற்றோடு எரிச்சலைச் சேர்த்துச் சொன்னால் கேட்பவருக்குக் காந்தல் என்றுதான் படும். என் சித்தி 'குடல் எரிச்சல்' என்று கேட்டுவிட்டு, அமிலத்துக்கான மாத்திரையை இரண்டு வருடம் விழுங்கினார். அவருக்கு எரியவே இல்லை. சாப்பிட்ட அரை மணியில் வயிறு கல் மாதிரி உப்பி, சேலைக் கொசுவத்தைத் தளர்த்திக்கொண்டு உட்காருவார்; வெளிக்குப் போய்வந்தால் வலி கொஞ்சம் அடங்கும். குழாய் விட்டுப் பார்த்ததில் புண் எதுவும் இல்லை என்றதும், "அப்போ நான் சொன்னதெல்லாம் பொய்யா?" என்று அழுதுவிட்டார்.

ஆங்கில மூலச்சொல்லான 'irritable' சுட்டுவது எரிவை அல்ல, சட்டென்று தூண்டப்படும் தன்மையை. மலக்குடலில் சிறு பலூனை வைத்து ஊதினால், மற்றவர்களுக்கு வெறும் அழுத்தமாகத் தெரியும் அளவிலேயே இந்நோயாளர் பலருக்கு வலித்துவிடுகிறது. குடலுக்கும் மூளைக்கும் நடுவே நடக்கும் பேச்சில் உள்ள கோளாறு இது. அதனால்தான் 'கூருணர் குடல்'. வினைத்தொகை என்பதால் முக்காலமும் அதில் அடங்கும். வருடக்கணக்கில் வந்து வந்து போகும் நோய்க்கு அது பொருந்துகிறது. வெங்காயம், பருப்பு போலக் குடலில் நொதித்து வாயு உண்டாக்குபவற்றைக் குறைத்துப் பார்க்கச் சொல்வதும், மன அழுத்தத்தைப் பற்றி மருத்துவர் விசாரிப்பதும் ஏன் என்று இந்தப் பெயரிலிருந்தே விளங்கவைக்கலாம்.

'சிணுங்கு குடல்' என்ற இன்னொரு மாற்றுப் பெயரும் அழகான சொல்தான். ஆனால் நோயாளியையே சிணுங்குபவராக்கிவிடும், வேண்டாம்.

> வரையறையில் 'வயிற்று வலி' என்று போட்டால் போதும்.

போதாது அம்மா. இந்நோயைக் கண்டறிய உலக மருத்துவ வல்லுநர்கள் வகுத்து 2016இல் வந்த நான்காம் ரோம் வரையறை வலியை மட்டும் வைத்துக்கொண்டு 'அசௌகரியம்' என்பதை எடுத்துவிட்டது. சில மொழிகளில் அதற்குச் சரியான சொல் இல்லை என்பதும் ஒரு காரணம். ஆசிய மருத்துவர்களின் கருத்தொருமிப்போ உப்புசத்தையும் சேர்த்துக்கொண்டது. இங்கே பலரை அதிகம் படுத்துவது உப்புசம்தான். வலியும் பலருக்குத் தொப்புளுக்கு மேலே, சாப்பாட்டை ஒட்டி வருகிறது. இரைப்பைக் கோளாறு என்று தடம் மாறுவது அதனால்தான். உப்புசம், பொருமல், ஊதல் என்று நம்மிடம் இத்தனை சொற்கள் இருக்கும்போது வரையறையில் ஒன்றுகூட இல்லாமல் போகலாமா?

சரி, என் பரிந்துரை இது:

கூருணர் குடல் நோய்த்தொகை: குடலில் புண்ணோ கட்டியோ இல்லாமல், வயிற்று வலி அல்லது உப்புசம் அடிக்கடி வந்து, மலம் போகும் தடவையோ தன்மையோ அதனுடன் மாறும் நிலை. மலத்தில் இரத்தம், இரத்தசோகை, காரணமின்றி எடை குறைதல் இருந்தால் வேறு நோய் உண்டா என்று பார்க்க வேண்டும்.

'Syndrome' என்பதற்கு 'நோய்க்குறி' என்றால் ஒற்றை அறிகுறியோடு குழம்பும் என்றுதான் 'நோய்த்தொகை' போட்டேன். அந்தப் பாதியில் எனக்குப் பிடிவாதம் இல்லை, மாற்றுச் சொல் இருந்தால் எழுதுங்கள். 'எரிச்சல்' மட்டும் திரும்ப வர வேண்டாம்.