புதுப்பிப்பு: தங்கச்சியும் பிள்ளையும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்

ஒன்றரை மாதத்துக்கு முன் இங்கே கேட்டிருந்தேன்: தங்கச்சி 31 கிழமை கர்ப்பம், பிரஷர் 150/100, சிறுநீரில் புரதம், கொழும்புக்குக் கொண்டு போவதா என்று. போகவில்லை. "இந்த நிலையில் அவ்வளவு தூரப் பயணம் வேண்டாம், இன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கோ" என்று எழுதியவர்களுக்கு எங்கள் வீடே கடமைப்பட்டிருக்கிறது.

அன்று பின்னேரமே யாழ். போதனா வைத்தியசாலையில் வாட்டில் மறித்துவிட்டார்கள். பிரஷருக்கு மாத்திரை, பிள்ளையின் நுரையீரல் முதிர டெக்ஸாமெதசோன் ஊசி. 33வது கிழமையில் ஒரு நாள் தலையிடி என்றாள், கண்ணுக்கு முன்னால் மின்னுகிறது என்றாள். அதைக் கேட்டதும் தாதி டொக்டரிடம் ஓடிய வேகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. வலிப்பு வராமலிருக்க மக்னீசியம் சல்பேட் ஏற்றினார்கள், இரவே சிசேரியன். பெண் பிள்ளை, 1.7 கிலோ. பிறகு 18 நாள் குறைமாதப் பிள்ளைகளின் பிரிவில். தங்கச்சி சட்டைக்குள் நெஞ்சோடு அணைத்து வைத்திருப்பாள். பிள்ளையின் விரல் தாலிக்கொடியைப் பிடித்தபடி இருக்கும்.

ஒன்றைச் சொல்லவேண்டும். அதற்கு முன் காட்டிய இடத்தில் பிரஷர் பாராமலே "கால் வீக்கம் எல்லாருக்கும் வாறதுதான்" என்று அனுப்பியிருந்தார்கள். வீட்டுக்கு வந்த குடும்பநல உத்தியோகத்தர் (மருத்துவிச்சி)தான் முகவீக்கத்தைக் கவனித்து கிளினிக்குக்கு அனுப்பினார்.

பிள்ளை பிறந்தும் பிரஷர் இறங்கவில்லை, மாத்திரை தொடர்கிறது. அடுத்த முறை கர்ப்பமானால், இது திரும்ப வரும் வாய்ப்பைக் குறைக்க 12வது கிழமையிலிருந்தே ஆஸ்பிரின் தேவைப்படும், அதனால் ஆரம்பத்திலேயே வந்து பதியச் சொல்லியிருக்கிறார்கள். இன்று காலை பிள்ளை 2.1 கிலோ.