வாட்டர் ஹீட்டரை எத்தனை டிகிரியில் வைப்பது? வீட்டில் சிறு குழந்தையும் முதியவரும் இருக்கிறார்கள்

கேள்வி

வணக்கம். எங்கள் வீட்டில் இருப்பது நீரைத் தொட்டியில் சேமித்துச் சூடாக்கும் மின்சார வாட்டர் ஹீட்டர். அதன் திருகில் டிகிரி எதுவும் குறிக்கப்படவில்லை; 1 முதல் 5 வரை எண்கள் மட்டுமே இருக்கின்றன. கைக்கு எட்டிய குழாயையெல்லாம் திறந்து பார்க்கும் ஒன்றரை வயதுக் குழந்தை ஒரு பக்கம். நீரிழிவினால் பாதங்களில் உணர்ச்சி குறைந்துபோன பிறகும் பிறர் உதவியின்றியே குளிக்க விரும்பும் என் தந்தை மறுபக்கம். 60 டிகிரிக்குக் கீழே வைத்தால் தொட்டியில் கிருமி வளரும் என்று ஒருவர் சொல்கிறார். 50-க்கு மேல் வைத்தால் தோல் வெந்துவிடும் என்கிறார் இன்னொருவர். இருவர் சொல்வதும் எப்படி ஒருசேர உண்மையாக இருக்க முடியும்? திருகை 2-இல் வைத்துவிட்டால் போதுமா?

மறுமொழி 1

இருவர் சொல்வதும் உண்மைதான். ஒருவர் தொட்டிக்குள் இருக்கும் நீரைப் பற்றிப் பேசுகிறார், மற்றவர் குழாயிலிருந்து உடம்பில் விழும் நீரைப் பற்றிப் பேசுகிறார். இரண்டையும் ஒரே எண்ணால் தீர்க்கப் பார்ப்பதால்தான் குழப்பம் வருகிறது.

லெஜியோனெல்லா என்னும் நுண்ணுயிரி 20 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரையிலான நீரில் பெருகும். அந்த நீர் ஷவரில் நுண்துளிகளாகச் சிதறி மூச்சோடு உள்ளே போனால், குறிப்பாக முதியவர்களுக்கும் நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கும், கடுமையான நுரையீரல் அழற்சி வரக்கூடும். 50 டிகிரியில் அது சாகப் பல மணி நேரம் பிடிக்கும், 60-இல் சில நிமிடங்களிலேயே பெரும்பகுதி அழிந்துவிடும். சேமித்து வைக்கும் வெந்நீர் 60 டிகிரியில் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதன் காரணம் இதுதான்.

தோலின் கணக்கு வேறு. மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1947-இல் வெளியிட்ட சோதனை முடிவுகளைத்தான் இன்றும் அடிப்படையாகக் கொள்கிறார்கள். அதன்படி, பெரியவர்களின் தோல் ஆழமாக வெந்துபோக 60 டிகிரியில் சுமார் 5 விநாடி போதும். 55-இல் அது அரை நிமிடம் அளவுக்கும், 49-இல் பல நிமிடங்களுக்கும் நீள்கிறது. பத்துப் பதினொரு டிகிரி குறைத்தாலே, சூடு பட்டவர் விலகிக்கொள்ள நேரம் கிடைத்துவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். குழந்தைகளின் தோல் மெல்லியது, ஆகவே அவர்களுக்கு இந்த நேரங்கள் இன்னும் குறுகியவை.

எனவே, தொட்டியை 60-இல் வைத்துவிட்டு, குளியலறைக்குப் போகும் குழாயில் தெர்மோஸ்டாடிக் மிக்சிங் வால்வு ஒன்றைப் பொருத்துவதே முறையான தீர்வு. அது குளிர்நீரைத் தானே விளாவி, நாம் வைத்த சூட்டுக்கு மேல் போகாமல் அனுப்பும். ஆஸ்திரேலியாவில் சேமிப்புக்கு 60, வீட்டுக் குளியலறைக் குழாய்க்கு அதிகபட்சம் 50 என்று விதியே இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். வால்வு பொருத்தும் வரை, உங்கள் வீட்டு நிலையில், 49 அல்லது 50-இல் வைப்பதே நல்லது. அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையமும் 49 டிகிரியைத்தான் பரிந்துரைக்கிறது.

மறுமொழி 2

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன், ஆனால் திருகை 2-இல் வைத்தால் போதுமா என்ற கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை. போதாது. ஒரு ஹீட்டரின் 2 இன்னொன்றின் 3-ஆக இருக்கலாம்; டிகிரி அச்சிட்ட திருகுகளே கூடச் சில டிகிரி தள்ளி நிற்பதுண்டு. குழாயில் அளந்து பார்ப்பது ஒன்றே வழி.

இரண்டு மூன்று மணி நேரம் யாரும் வெந்நீரைப் பயன்படுத்தாமல் விட்டு, ஹீட்டர் சூடேற்றி முடித்ததைக் காட்டும் விளக்கைப் பார்த்துக்கொண்டு, பிறகு ஹீட்டருக்கு மிக அருகில் இருக்கும் குழாயில் வெந்நீரை மட்டும் ஒரு நிமிடமாவது ஓடவிடுங்கள். கைப்பிடி உள்ள ஒரு குவளையில் அதைப் பிடித்து, சமையலுக்குப் பயன்படும் டிஜிட்டல் வெப்பமானியின் முனையை மூழ்கவைத்து, எண் நிலைத்து நின்றபின் படியுங்கள். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது: அதன் அளவு 42 டிகிரியோடு முடிந்துவிடும், கண்ணாடியால் ஆனதாக இருந்தால் உடைந்தும் போகும். சூடு அதிகமாக இருந்தால் திருகைச் சிறிதளவு குறைத்து, மறுநாள் மீண்டும் அளக்க வேண்டும். தொட்டியில் ஏற்கெனவே இருக்கும் நீர் உடனே ஆறிவிடாது.

திருகு மூடிக்குள் இருந்தால், மெயின் சுவிட்சை அணைக்காமல் மூடியைக் கழற்றவே கூடாது. உள்ளே மின்முனைகள் திறந்திருக்கும் என்பதால், பழக்கமில்லாதவர்கள் எலெக்ட்ரீஷியனை அழைப்பதே சரி. பெரிய தொட்டிகளில் மேலும் கீழுமாக, சூட்டைக் கட்டுப்படுத்தும் இரண்டு தெர்மோஸ்டாட்டுகள் இருக்கும். ஒன்றைக் குறைத்து மற்றதை விட்டுவிட்டால் பலன் கிடைக்காது.

மறுமொழி 3

எதற்கு இத்தனை சிரமம்? 40-இல் வைத்துவிட்டால் யாருக்கும் சுடாது, மின்சாரமும் மிச்சமாகும் அல்லவா?

மறுமொழி 4

40 டிகிரி, மேலே சொல்லப்பட்ட நுண்ணுயிரிக்கு மிகவும் உகந்த சூடு. நாட்கணக்கில் நீர் தங்கும் ஒரு தொட்டியை அந்த நிலையில் வைத்திருப்பதை, அதுவும் முதியவர் ஒருவர் இருக்கும் வீட்டில், என்னால் ஆதரிக்க முடியாது.

தீக்காயப் பிரிவில் செவிலியராகப் பணியாற்றியவள் என்ற முறையில் சில வார்த்தைகள். ஹீட்டரைச் சரிசெய்வதோடு வேலை முடிவதில்லை. ஒற்றைக் கைப்பிடிக் குழாயை வெந்நீர்ப் பக்கமே விட்டுவிட்டு வருவது பல வீடுகளில் வழக்கம். அடுத்து அதைத் தூக்குவது குழந்தையாக இருக்கும். எப்போதும் குளிர்நீர்ப் பக்கம் திருப்பி மூடுங்கள். குளியல் தொட்டியிலோ வாளியிலோ முதலில் குளிர்நீர், அதன் மேல் வெந்நீர் என்ற வரிசையை வீட்டில் எல்லோரும் கடைப்பிடிக்க வேண்டும். நன்றாகக் கலக்கிவிட்டு முழங்கையால் தொட்டுப் பாருங்கள். குழந்தைக்கு 37 அல்லது 38 டிகிரி போதும்.

உங்கள் தந்தையின் நிலைதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. குழந்தை சுட்டவுடன் அலறும், அவருக்கோ பாதத்தில் சுடுவதே தெரியாது. அவர் காலை நனைத்துச் சூடு பார்க்கும் பழக்கம் உள்ளவராக இருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள். அவர் குளிக்கும் ஷவருக்கு மட்டுமாவது 41 டிகிரியைத் தாண்டாதபடி வால்வு வைத்துவிட்டால், யாரும் அருகில் நிற்காமலே அவர் விருப்பப்படி குளிக்கலாம்.

தவறிப்போய்ச் சுட்டுவிட்டால், நகைகளையும், தோலோடு ஒட்டாத துணியையும் உடனே அகற்றி, ஓடும் குழாய் நீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். பனிக்கட்டி, எண்ணெய், பற்பசை எதுவும் வேண்டாம். குழந்தை என்றால், மற்ற உடற்பகுதி குளிர்ந்துவிடாமல் போர்த்திக்கொண்டு, காயம் சிறியதாகத் தெரிந்தாலும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. குழாயில் அளந்தபோது 63 டிகிரி காட்டியது. நான் 50 இருக்கும் என்று நினைத்திருந்தேன். வால்வுக்கு ஏற்பாடு செய்கிறேன். மாடியில் சூரிய ஒளி ஹீட்டரும் ஒன்று இருக்கிறது, அதற்கும் இது பொருந்துமா? பொருத்திய பிறகு வால்வு சரியாக வேலை செய்கிறதா என்று நானே எப்படி அறிவது?

மறுமொழி 1

சூரிய ஒளி ஹீட்டருக்கு வால்வு இன்னும் அவசியம். வெயிலைத் திருகிக் குறைக்க முடியாது. கோடையில் நீர் 80 டிகிரியையும் தாண்டலாம்.

வால்வைச் சோதிக்க, 60 டிகிரி வெந்நீர் வந்துகொண்டிருக்கும்போது, கையை விலக்கிக்கொண்டு, வால்வுக்குள் வரும் குளிர்நீரை மட்டும் அடைத்துப் பாருங்கள். நல்ல வால்வாக இருந்தால் சில விநாடிகளில் வெந்நீரும் நின்றுவிடும் அல்லது சொட்டாகக் குறைந்துவிடும். நிற்காமல் சூடாகவே கொட்டினால் உடனே பிளம்பரை அழைத்து மாற்றிவிடுங்கள். உப்பு மிகுந்த நீரில் உள்ளிருக்கும் வடிகட்டி அடைத்துக்கொள்ளும் என்பதால், ஆண்டுக்கு ஒரு முறையாவது அதைச் சுத்தம் செய்யச் சொல்லிவிட்டு, அன்றே வெப்பமானியால் மீண்டும் அளந்துவிடுங்கள்.