மெய்வேர், வாய்பாடு: அரபு இலக்கணத்துக்கு இரண்டு கலைச்சொற்கள்

வணக்கம்.

அரபு இலக்கணச் சொற்களைப் பற்றிய இந்த இழையில் 'வேர்ச்சொல்' என்பதையே வைத்துக்கொள்ளலாம், புதிதாக எதற்கு என்று சிலர் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அரபியர் ஜத்ர் என்றும் மாத்தா என்றும் சொல்வது, பல சொற்களுக்கு அடியில் பொதுவாக நிற்கும் சில மெய்யெழுத்துகளின் வரிசை. அது ஒரு சொல்லே அல்ல. அதைத் தனியாக உச்சரிக்க முடியாது. வாயில் வராத ஒன்றை வேர்'ச்சொல்' என்று எப்படிச் சொல்வது?

பொதுவாகப் பேசினால் இது பிடிபடாது. ஒரே ஒரு வேரை எடுத்துக்கொண்டு பார்ப்போம்: அய்ன், காஃப், லாம் என்ற மூன்று அரபு எழுத்துகள். அறிவைக் குறிக்கும் 'அக்ல்' இந்த வேரில் வந்ததுதான். உருது வழியாக 'அக்கல்' என்று கேட்டிருப்பீர்கள்.

ஆனால் பழைய அகராதிகளைத் திறந்தால் அறிவோடு கூடவே ஒட்டகமும் வந்து நிற்கும். படுத்திருக்கும் ஒட்டகத்தின் முன்னங்காலை முழங்காலில் மடக்கி, கீழ்க்காலையும் மேல்காலையும் சேர்த்து ஒரு கயிற்றால் சுற்றிக் கட்டிவிடுவார்கள். ஒட்டகம் மூன்று காலில் எழுந்து நிற்கலாம், கொஞ்சம் நொண்டலாம், ஓடிப்போக முடியாது. இப்படிக் கட்டுவது 'அகல'. கட்டும் கயிறு 'இகால்'. இன்றைக்கு வளைகுடாவில் ஆண்கள் தலைத்துணிக்கு மேல் வளையமாகப் போட்டுக்கொள்ளும் கறுப்புக் கயிற்றுக்கும் அதே பெயர்தான்.

அப்புறம் கொலைக்கு ஈடாகக் கொடுக்கும் இழப்பீட்டுக்கும் 'அக்ல்' என்றே பெயர். ஓர் உயிருக்கு நூறு ஒட்டகம் என்பது கணக்கு. அந்த ஒட்டகங்களை ஓட்டிவந்து, இறந்தவனின் உறவினர் வீட்டு முற்றத்தில் கால்களைக் கட்டி ஒப்படைத்ததால் இந்தப் பெயர் என்று அகராதிக்காரர்கள் விளக்குகிறார்கள். தெரியாமல் செய்துவிட்ட கொலைக்கு, கொன்றவனின் தந்தைவழிப் பங்காளிகள் எல்லாரும் சேர்ந்து இந்தத் தொகையைக் கட்ட வேண்டும், அந்தக் கூட்டத்துக்கு 'ஆகிலா' என்று பெயர், இஸ்லாமியச் சட்ட நூல்களில் இதற்குத் தனிப் பகுதியே உண்டு. மலைமேல் ஏறி ஒதுங்கும் அரண் 'மஅகில்'. வீட்டைவிட்டு வெளியே வராத உயர்குடிப் பெண் 'அகீலா', அதிலிருந்து எந்தப் பொருளிலும் மிகச் சிறந்ததற்கு அந்தப் பெயர், கடலின் 'அகீலா' என்றால் முத்து. வயிற்றோட்டத்தை நிறுத்தும் மருந்து 'அகூல்'. நாக்கு எழாமல் போவதும் இந்த வேர்தான். இன்றைய செய்தித்தாள் அரபியில் 'இஅத்திகால்' என்றால் கைது, 'முஅத்தகல்' என்றால் தடுப்பு முகாம்.

இத்தனையும் எங்கே சேர்கின்றன? 1004இல் இறந்த இப்னு ஃபாரிஸ் ஒவ்வொரு வேருக்கும் அடிப்படைப் பொருள் என்ன என்று தேடி ஓர் அகராதியே எழுதினார். இந்த வேருக்கு மூலப்பொருள் ஒன்றுதான், தடுத்து நிறுத்துவது, அல்லது அதை ஒட்டியது என்கிறார். அறிவுக்கு இந்தப் பெயர் வந்ததும் அப்படித்தானாம்: கெட்ட சொல்லிலும் செயலிலும் மனிதன் போய் விழாமல் அது இழுத்துப் பிடிக்கிறது. குர்ஆனில் 'அக்ல்' என்ற பெயர்ச்சொல் ஒரு இடத்தில்கூட இல்லை, வினையாக மட்டும் 49 இடங்களில் வருகிறது என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். அறிவு அங்கே ஒருவரிடம் இருக்கும் பொருளாக வரவில்லை, ஒருவர் செய்யும் வேலையாக வருகிறது. எனக்கு இந்த வேரிலேயே மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்பவா, அவிழ்த்துவிட்டு நம்பவா என்று ஒருவர் கேட்டதற்கு, கட்டிவிட்டு நம்பு என்று நபிகள் நாயகம் சொன்னதாகத் திர்மிதி என்ற நபிமொழித் தொகுப்பில் வரும் செய்தி பலருக்கும் தெரியும். அரபியில் அது மிகச் சுருக்கமானது: 'இஅகில்ஹா வதவக்கல்'. முன்பாதியில் நம்முடைய வேர் வினையாகவே நிற்கிறது. பின்பாதியில் உள்ளது வாவ், காஃப், லாம். அந்த வேரில்தான் நம் ஊர் நீதிமன்றத்து வக்கீலும் வக்காலத்தும் வந்தன: பொறுப்பை யாரிடம் ஒப்படைக்கிறோமோ அவர் வக்கீல்.

இகால் என்ற ஒரு சொல் வரலாற்றில் சிக்கலும் உண்டாக்கியிருக்கிறது. நபிகள் 632இல் மறைந்ததும் சில குலங்கள் ஸகாத் என்ற கட்டாயக் கொடையைக் கொடுக்க மறுத்தன. அப்போது கலீஃபா அபூபக்கர், நபிகளுக்குக் கொடுத்துவந்த ஓர் இகாலைத் தர மறுத்தாலும் போரிடுவேன் என்றார். அது வெறும் கயிறா, ஓராண்டு ஸகாத்தா? இகாலுக்கு இரண்டு பொருளும் உண்டு. உரைகாரர்கள் இரண்டு பக்கமும் நின்று வாதாடியிருக்கிறார்கள். கயிறு என்று எடுத்துக்கொண்டால்தான் பேச்சுக்கு வேகம் இருக்கிறது என்பது என் எண்ணம்.

சரி, கலைச்சொல்லுக்கு வருவோம். தமிழில் 'கட்டு' என்ற சொல்லும் கிட்டத்தட்ட இதே வழியில் பரவியிருக்கிறது. கட்டுப்பாடு, கட்டளை, கட்டுக்காவல், மலக்கட்டு, நாக்கைக் கட்டிப்போட்டது, மனத்தைக் கட்டு. பொருள் பரவும் விதத்தில் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு சொல்லின் உடம்பில்தான். தமிழில் 'கட்டு' உடையாமல் முன்னால் நிற்கும், மற்றவை பின்னால் வந்து ஒட்டும். அதனால்தான் நம் இலக்கணத்தில் அது பகுதி, பின்னால் வருவது விகுதி. அரபியில் மூன்று மெய்கள் மட்டும் வரிசை மாறாமல் நிற்க, நடுவிலும் முன்னும் பின்னும் உயிரோசைகளும் சில துணை மெய்களும் நுழைந்து சொல்லை ஆக்குகின்றன. அக்ல், இகால், ஆகில், மஅகூல். எந்த இடத்தில் வெட்டினாலும் வேர் முழுதாகக் கையில் வராது. 'பகுதி' என்று சொல்லிப் பாருங்கள், பகுத்து எடுக்க ஒன்றும் இல்லை. 'தாது' என்பாரும் உண்டு, வீரசோழியத்தில் தாதுப் படலமே இருக்கிறது. ஆனால் வடமொழித் தாதுவும் உயிரோடு கூடி வாயில் வரக்கூடிய அசைதான், நமக்கு வேண்டியது அது இல்லை.

என் முன்மொழிவு: மெய்வேர்.

மெய்யெழுத்துகளால் மட்டும் ஆன வேர். தமிழில் மெய் என்றால் உடம்பு, அதை இயக்குவது உயிர். 'மெய்யின் இயக்கம் அகரமொடு சிவணும்' என்கிறார் தொல்காப்பியர். அரபு வேரும் அப்படியே: மெய்கள் கிடக்கின்றன, உயிர் வந்து சேர்ந்தால்தான் சொல் எழுந்து நடக்கிறது. 'மும்மெய்' என்று ஒரு நண்பர் சொன்னதும் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நான்கு மெய் கொண்ட வேர்களும் உண்டு, மொழிபெயர்ப்பைக் குறிக்கும் 'தர்ஜமா' அப்படிப்பட்டது. மெய்வேர் என்று பொதுப்பெயர் வைத்தால் மும்மெய் வேர், நான்மெய் வேர் என்று வகை பிரித்துக்கொள்ளலாம். எபிரேயத்துக்கும் அம்ஹாரிக்குக்கும் அக்காடியத்துக்கும் இதே சொல் போதும். 'உண்மையான வேர்' என்று யாராவது புரிந்துகொள்வார்களே என்று ஓர் அம்மா கேட்டிருந்தார்கள். இலக்கண நூலில் மெய் என்றால் எழுத்து என்றுதான் முதலில் தோன்றும், உயிர்மெய்யை யாரும் 'உயிருள்ள உண்மை' என்று படிப்பதில்லையே.

இப்போது இரண்டாவது சொல், எனக்கு இதுதான் முக்கியம். மெய்வேரை ஊற்றும் அச்சுக்கு அரபியில் 'வஸ்ன்' என்பார்கள், எடை என்று பொருள். 'எடை' என்றே மொழிபெயர்க்கலாம் என்றும், 'வார்ப்புரு' என்றும் இரண்டு கருத்து வந்திருக்கிறது. இரண்டும் வேண்டாம். நம்மிடம் சொல் இருக்கிறது: வாய்பாடு.

அரபு இலக்கணத்தார் அச்சுகளுக்குப் பெயர் வைத்த விதத்தைப் பாருங்கள். 'செய்' என்று பொருள்படும் ஃபஅல என்ற வினையை மாதிரியாக எடுத்துக்கொண்டார்கள். செய்பவன் ஃபாஇல், செய்யப்பட்டது மஃப்ஊல். ஆகில் என்பது ஃபாஇல் அச்சில் வார்த்தது, அறிவுள்ளவன். மஅகூல் என்பது மஃப்ஊல் அச்சில் வார்த்தது, அறிவுக்கு ஒத்தது. இனி நம் இலக்கணம். செய்து, செய்யூ, செய்பு, செய்தென என்று தொல்காப்பியர் வினையெச்சங்களை அடுக்குகிறார். நாமும் பள்ளியில் 'வந்து' என்பதைச் 'செய்து என்னும் வாய்பாட்டு வினையெச்சம்' என்றுதான் எழுதினோம். இங்கேயும் மாதிரி வினை 'செய்'தான்! ஒன்றையொன்று பார்த்துச் செய்ததாக நான் சொல்லவில்லை. எல்லா வினையையும் அடக்கும் ஒரு வினை வேண்டுமென்றால் யாருக்கும் 'செய்'தான் முதலில் கைக்கு வரும்.

ஒரு மறுப்பு வரும், அதற்கும் பதில் இருக்கிறது. 'ஓடி' என்பதும் செய்து வாய்பாடுதான், ஆனால் 'செய்து' போல ஒலிக்காது. அரபு வஸ்ன் ஒலி அளவிலும் இம்மி பிசகாமல் பொருந்த வேண்டும். உண்மை. ஆனால் ஒலி அளவைக் குறிக்கவும் தமிழில் வாய்பாடு உண்டு, யாப்பில். தேமா, புளிமா, கருவிளம், கூவிளம். நேர் நேர் என்று அலகு வந்தால் எந்தச் சொல்லாக இருந்தாலும் தேமா. அரபியிலும் இதே கதை: 8ஆம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மத் அரபு யாப்பை வகுத்தபோது சீர்களுக்கு ஃபஊலுன், மஃபாஈலுன் என்று அதே ஃபஅலவை வைத்தே பெயரிட்டார். ஆக, சொல்லிலக்கணம், யாப்பு இரண்டிலும் அவர்களுக்கு ஒரே உத்தி, நமக்கும் இரண்டிலும் ஒரே பெயர். இதைவிடப் பொருத்தமான சொல் வேறு எங்கே கிடைக்கும்? எபிரேய இலக்கணமும் இந்த மாதிரி வினையை அரபு இலக்கணத்தாரிடமிருந்து எடுத்துக்கொண்டதுதான், அங்கே வினை வகைகளுக்கு 'பஅல்', 'பிஎல்' என்று பெயர்.

வாய்பாடு கைக்கு வந்துவிட்டால் நமக்கு ஏற்கெனவே தெரிந்த சொற்களே பளிச்சென்று தெரியும். மாமூல், மகசூல் இரண்டும் மஃப்ஊல் வாய்பாடு. மாமூலின் மெய்வேரும் 'அமலுக்கு வந்தது' என்பதில் உள்ள அமலின் மெய்வேரும் ஒன்று. வயலில் எடுக்கும் மகசூலும் தாலுகா அலுவலகத்துத் தாசில்தாரும் ஒரே மெய்வேர். மதரசாக்களில் தருக்கம், தத்துவம் போன்றவற்றை மஅகூலாத் என்றும், வழிவழியாக வந்த குர்ஆன் விரிவுரை, நபிமொழி போன்றவற்றை மன்கூலாத் என்றும் பிரிப்பார்கள், இந்த மன்கூலுக்கும் நாம் ஜெராக்ஸ் கடையில் எடுக்கும் நகலுக்கும் மெய்வேர் ஒன்றே. இகால் எந்த வாய்பாடு? ஃபிஆல். ஹிஜாப், நிகாப், உடையைக் குறிக்கும் லிபாஸ், அரைக்கச்சையைக் குறிக்கும் ஹிஸாம் எல்லாம் அதே வாய்பாடு. கட்டுவதும் மறைப்பதுமான பொருள்கள் அங்கே நிறையச் சேர்ந்திருக்கின்றன.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மெய்வேர் ஒன்றாக இருந்தால் பொருளும் ஒன்றில்தான் போய் முடியும் என்று இழுக்கக் கூடாது. இணையத்தில் இது பெரிய வியாதியாகிவிட்டது. ஜமல் என்றால் ஒட்டகம், ஜமால் என்றால் அழகு, ஆகவே அரபியருக்கு ஒட்டகமே அழகு என்று எழுதிவிடுகிறார்கள். இப்னு ஃபாரிஸ் அந்த வேருக்கு இரண்டு மூலம் காட்டுகிறார், திரட்சியும் உடற்பெருமையும் ஒன்று, அழகு இன்னொன்று. ஒட்டகம் முதலாவதில் சேரலாம் என்கிறார். வேருக்கு வேர் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இனி தீராத ஒரு சிக்கல், இதில் உங்கள் உதவி வேண்டும். அறிவைக் குறிக்கும் அக்ல் தமிழில் 'அக்ல்', உண்பதைக் குறிக்கும் அக்லும் தமிழில் 'அக்ல்'. முதலாவதில் இருப்பது தொண்டையில் பிறக்கும் அய்னும் அடிநாக்கில் பிறக்கும் காஃபும், இரண்டாவதில் இருப்பது ஹம்ஸா என்ற வேறோர் எழுத்தும் சாதாரணக் காஃபும். மேலே வக்கீலுக்கு நான் எழுதிய காஃப் இந்தச் சாதாரணக் காஃப்தான், ஒட்டகக் கயிற்றின் காஃப் வேறு. தமிழ் எழுத்தில் அது தெரியவே தெரியாது. மெய்வேரைப் பற்றிப் பேசும் நூலில் மெய்யே தெரியாமல் போனால் எப்படி? அய்ன், ஹம்ஸா என்று எழுத்தின் பெயரைச் சொல்லி ஓரளவு தப்பிக்கலாம். இரண்டு காஃபையும் பிரிக்க, அடிநாக்குக் காஃபின் அடியில் ஒரு கோடு போடலாம் என்பது என் யோசனை. மதரசாவில் ஸர்ஃப், அதாவது அரபுச் சொல்லிலக்கணம், படித்தவர்கள், அங்கே தமிழில் குறிப்பெடுக்கும்போது இதை எப்படி எழுதினீர்கள் என்று சொல்லுங்கள். புழக்கத்தில் ஒரு வழி இருந்தால் அதையே எடுத்துக்கொள்வோம்.