மறுமொழி: சவ்வா, படலமா? உலையா, கலமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

பட்டர்வொர்த்தில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பைப் பற்றி ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குக் கொடுக்கவிருக்கும் விளக்கத்தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். கழிவை நுண்ணுயிர்களுக்கு உண்ணக்கொடுத்து, நீரை மெல்லிய சவ்வால் வடிகட்டும் கருவி (membrane bioreactor) ஒன்று அதில் வருகிறது. மலாயில் ‘பயோரியாக்டர் மெம்ப்ரான்’ என்று முடிந்துவிட்ட அக்கருவிக்கு நாமோ இன்னும் தமிழ்ப்பெயர் தேடிக்கொண்டிருக்கிறோம்.

தொல்காப்பியம் சகரத்தை அகரத்தோடு மொழிமுதலில் விலக்குவதால் ‘மெம்ப்ரா’னுக்குச் ‘சவ்வு’ தகாது என்று முன்மடலில் எழுதினார் கோலாலம்பூர் ஐயா. அந்நூற்பாவுக்குப் பாடவேறுபாடு உண்டு என்பதும், ‘சட்டி’யையும் ‘சண்டை’யையும் யாரும் நாடுகடத்தவில்லை என்பதும் ஒருபுறம் இருக்கட்டும். அவர் மாற்றாகத் தரும் ‘மென்படலம்’ பொருளைக் குழப்பும் என்பதே என் மறுப்பு.

இக்கருவியில் கழிவை உண்பவை நுண்ணுயிர்கள். சவ்வு வடிகட்டுகிறது, அவ்வளவே. வழக்கமான முறையில் நுண்ணுயிர்த்திரளான சேறு அடியில் தங்கும்வரை நீரைத் தெளிவுத்தொட்டியில் நிறுத்தவேண்டும். இங்கே ஏறத்தாழ 0.04 முதல் 0.4 மைக்ரோமீட்டர் வரையிலான துளைகளுள்ள சவ்வு நீரை மட்டும் வெளிவிட்டு நுண்ணுயிர்களை உள்ளேயே நிறுத்துவதால், லிட்டருக்கு 2,000–4,000 மில்லிகிராம் என்றிருந்த சேற்றுச் செறிவை 8,000–12,000 வரை உயர்த்தலாம். நிலையத்திற்கு வேண்டிய இடமும் சுருங்கும். ஆனால் நுண்ணுயிர்கள் தாம் சுரக்கும் பசையோடு சவ்வின்மேல் படிந்து துளைகளை அடைக்கின்றன. அதைத் தடுக்கவே கீழிருந்து காற்றை ஊதுகிறார்கள்; அவ்வப்போது சோடியம் ஹைப்போகுளோரைட்டால் கழுவுகிறார்கள். அப்படிவுக்கு ‘உயிர்ப்படலம்’ என்ற பெயர் ஏற்கெனவே வழங்குகிறது. வடிகட்டுவதையும் படலம் என்றால், ‘படலத்தின்மேல் படர்ந்த படலம் படலத்தை அடைக்கிறது’ என்று மாணவர்களுக்கு எழுதவேண்டிவரும்.

அடுத்து, ‘ரியாக்ட’ருக்கு ஐயா சொல்லும் ‘உலை’. உலை என்றால் வெப்பம் நினைவுக்கு வரும். இதுவோ நம் ஊர் வெப்பநிலையில் சூடேற்றாமலே வேலை செய்யும் தொட்டி. ஆகவே ‘சவ்வு உயிர்வினைக்கலம்’ என்கிறேன். ‘வினை’ இங்கே பெயர், இது வினைத்தொகை அன்று என்பதால் ககரம் மிகும். கலமா கலனா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை.

கோலாலம்பூரிலிருந்து:

‘சவ்வு’க்கு உடன்படுகிறேன், உயிர்ப்படலத்தின் பொருட்டு மட்டுமே, பாடவேறுபாட்டின் பொருட்டு அன்று. ‘உலை’யை விடமாட்டேன். கொல்லன் உலையாயினும் சோற்றுலையாயினும், உள்ளே சென்ற பொருள் வேறாகி வெளிவரும் இடம் என்பதே அச்சொல்லின் கரு. அணு உலையை ஏற்ற தமிழுக்கு உயிரி உலை மட்டும் எப்படிச் சுட்டுவிடும்? என் கட்டுரைகளில் ‘சவ்வு உயிரி உலை’ என்றே எழுதுவேன்.

பட்டர்வொர்த்திலிருந்து:

தங்கள் உரிமை, ஐயா. எழுதியவர்களுள் பெரும்பாலோர் கலத்தின் பக்கம் நிற்பதால், அல்லது களைத்துப்போனதால், விளக்கத்தாள் ‘சவ்வு உயிர்வினைக்கலம்’ என்றே செல்கிறது. மாணவர்கள் இடைநிலைப்பள்ளியில் இதை மலாயில் சந்திக்கக்கூடும் என்பதால் மலாய்ப் பெயரையும் தமிழெழுத்தில் அடிக்குறிப்பாகச் சேர்த்திருக்கிறேன். அதற்கும் மறுப்பு உண்டெனில் நாளை நண்பகலுக்குள் எழுதியருள்க.