செம்பருத்தியில் மாவுப்பூச்சி: வேப்பெண்ணெய் அடித்தும் போகவில்லை, எங்கே தப்பு?

உறையூர்மாடி:
மொட்டைமாடியில் 22 தொட்டி வைத்திருக்கிறேன். அதில் அடுக்குச் செம்பருத்திதான் என் செல்லப்பிள்ளை. பங்குனி பிறந்ததிலிருந்து மொட்டுக் காம்பெல்லாம் பஞ்சு ஒட்டின மாதிரி மாவுப்பூச்சி. இலையைத் தொட்டால் பிசுபிசு. கீழ் இலைகளில் கரி பூசினது போலக் கறுப்பு.

முதலில் 3ஜி கரைசல் செய்தேன். இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய் மூன்றையும் சட்னி ஜாரிலேயே அரைத்தது என் புத்தி. மறுநாள் தேங்காய்ச் சட்னியை வாயில் வைத்த வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! என் கை எரிச்சல் அடங்கவே ராத்திரியாகிவிட்டது. பூச்சி மட்டும் அசையவில்லை.

அப்புறம் வேப்பெண்ணெய். ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி ஊற்றிக் குலுக்கி, காலை 11 மணிக்கு அடித்தேன். இரண்டே நாளில் இலை ஓரமெல்லாம் தீய்ந்து, எட்டு மொட்டு உதிர்ந்தது. கடை மருந்து வேண்டாம். பக்கத்துத் தொட்டியில் கீரை இருக்கிறது, அதே மாடியில்தான் வடகமும் காயப்போடுகிறேன்.

தொட்டிச்செடி:
அக்கா, மேசைக்கரண்டி 15 மில்லி. இரண்டு என்றால் 30! லிட்டருக்கு 5 மில்லி போதும். சோப்பு போட்டதாகச் சொல்லவே இல்லையே? சோப்பு இல்லாவிட்டால் எண்ணெய் மேலே மிதக்கும். ஸ்ப்ரேயர் குழாய் அடியிலிருந்துதான் உறிஞ்சும். அதனால் முதலில் அடித்த கிளைக்கு வெறும் தண்ணீர், கடைசிக் கிளைக்கு வெறும் எண்ணெய். பூச்சி மேலே இருக்கும் அந்த மாவு மெழுகு மாதிரி, வெறும் தண்ணீர் அதில் ஒட்டாது.

காதி சோப்பைக் கொஞ்சம் சீவி வெந்நீரில் கரைத்து, எண்ணெயை அதில் ஊற்றிக் கலக்குங்கள். பால் மாதிரி வெளுத்த பிறகு மிச்சத் தண்ணீரைச் சேருங்கள். சாயங்காலம் 5 மணிக்கு மேல், இலைக்கு அடிப்பக்கமும் படும்படி. வெயிலில் வேம்பின் வீரியமும் போகும், இலையும் கருகும். கலக்கியதை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். துணி துவைக்கும் பவுடர் மட்டும் போடாதீர்கள், நான் ஒரு கத்தரியை அப்படித்தான் இழந்தேன்.

காரமடைக்காரன்:
எறும்பு ஏறுகிறதா, பாருங்கள். அந்தப் பிசுபிசுப்பு மாவுப்பூச்சி விடும் தேன் கழிவு. அதில்தான் கரும்பூசணம் படர்கிறது. எறும்பு அந்தத் தேனுக்காகப் பூச்சியைக் காவல் காக்கும். தொட்டியை மூன்று செங்கல் மேல் வைத்து, ஒவ்வொரு செங்கலையும் தண்ணீர் ஊற்றிய தட்டில் நிறுத்துங்கள். செடி சுவரையோ கொடிக்கம்பியையோ தொடக்கூடாது, அதுவே பாலமாகிவிடும்.

உறையூர்மாடி:
சாரை சாரையாக ஏறுகிறது! பூச்சியைத் தின்ன வருகிறது என்று நினைத்து நான்தான் விட்டுவைத்தேன். இன்றைக்குத் தட்டு வைத்தாயிற்று.

இன்னொரு சந்தேகம். சில பூச்சி மட்டும் பெரிதாக, உடம்பு முழுக்க வெள்ளை நூல் தொங்கிக்கொண்டு இருக்கிறது. குச்சியால் தொட்டால் விறுவிறுவென்று ஓடுகிறது. இதுதான் தாய்ப்பூச்சி என்று மூன்றை நசுக்கிவிட்டேன். சரிதானே?

காரமடைக்காரன்:
ஐயோ, நசுக்காதீர்கள் அம்மா! மாவுப்பூச்சி தொட்டாலும் மெல்லத்தான் நகரும். ஓடுகிறது என்றால் அது பெரும்பாலும் பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சி வேஷத்திலேயே நடுவில் உட்கார்ந்து அதையே தின்னும்.

2008-இல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்தபோது எங்கள் மரவள்ளி, மல்பெரி எல்லாம் வெளுத்துக் கிடந்தது. மருந்தடித்துக் கை ஓய்ந்ததுதான் மிச்சம். 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்து விட்டார்கள். கடுகை விடச் சின்னது, அதுதான் அடக்கியது.

புழு இருக்கும் கிளையில் வேப்பெண்ணெய்க் கரைசல் வேண்டாம். சோப்புத் தண்ணீர் அதையும் கொல்லும். மற்ற கிளைகளில் மட்டும் வாரம் ஒருமுறை அடியுங்கள். ரொம்ப மொய்த்திருக்கும் நுனியை வெட்டிக் கவரில் கட்டிப் போட்டுவிடுங்கள், மாடியிலேயே வீசாதீர்கள்.

உறையூர்மாடி:
மூன்று கொலை செய்துவிட்டேனே! இப்போதுதான் டார்ச் எடுத்துப் போய்த் தேடினேன். நடுக்கிளையில் இன்னும் இரண்டு ஓடுகிறது. அந்தக் கிளையில் சிவப்பு ரிப்பன் கட்டிவிட்டேன், வீட்டுக்காரர் தெரியாமல் ஸ்ப்ரேயரைத் தூக்கிவிடக் கூடாது. 3ஜிக்கு என்று பழைய ஜார் ஒன்றையும் ஒதுக்கியாயிற்று, அது அவர் உத்தரவு.