மறு: ‘நேரடிச் சினிமா’ – ஒரு சொல் போதாது, இரண்டு வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். ஆவணப்படக் கலைச்சொற்களுக்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சில், அமெரிக்காவின் டைரக்ட் சினிமா, பிரான்சின் சினிமா வெரித்தே என்ற இரு ஆவணப்பட முறைகளைப் பற்றி வந்த பரிந்துரைக்கு என் பதில் இது.

> டைரக்ட் சினிமா, சினிமா வெரித்தே இரண்டையும் ‘நேரடிச் சினிமா’ என்றே குறித்துவிடலாம். இரண்டும் கைக்கேமராவில் எடுக்கப்பட்டவைதானே?

கருவி ஒன்றுதான், மறுக்கவில்லை. 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தோளில் சுமந்தபடி நடக்கக்கூடிய 16 மி.மீ. கேமராவும், படத்தோடு இசைந்து ஒலியைப் பதியும் நாக்ரா போன்ற கருவியும் படம் எடுப்பவர்களின் கைக்கு வந்தன. அமெரிக்காவில் ஆவணப்படத் தயாரிப்பாளர் ராபர்ட் ட்ரூவின் குழுவும் பிரான்சில் ஆவணப்பட இயக்குநர் ழான் ரூஷும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தெருவில் இறங்கினார்கள். ஆனால் இறங்கியபின் இருவரும் செய்தது நேர் எதிரான வேலை. ஆவணப்பட வரலாற்றாசிரியர் எரிக் பார்னோ இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார்: டைரக்ட் சினிமாக்காரர் பதற்றம் நிறைந்த இடத்துக்குக் கேமராவைக் கொண்டுபோய், நெருக்கடி தானாக வெடிக்கும்வரை காத்திருப்பார், ரூஷின் வழியில் வருபவர் அந்த நெருக்கடியைத் தாமே உண்டாக்கப் பார்ப்பார். காத்திருப்பவருக்கும் கிளறுபவருக்கும் ஒரே பெயர் வைத்தால், அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு எந்தப் படத்தைப் பற்றியும் உருப்படியாகப் பேச முடியாது. தவிர, ‘நேரடி’ என்றதும் வாசகர் மனத்தில் எழுவது நேரடி ஒளிபரப்பு.

‘உண்மைச் சினிமா’ என்ற பரிந்துரையும் எனக்கு ஒப்புதல் இல்லை. ‘வெரித்தே’ என்றால் உண்மை என்பது சரி. ஆனால் சோவியத் இயக்குநர் ஸிகா வெர்தோவ் 1922-இல் தொடங்கிய ‘கினோ-பிராவ்தா’ (திரை-உண்மை) செய்திப்பட வரிசையின் பெயரைத்தான் ரூஷும் அவரோடு சேர்ந்து படமெடுத்த சமூகவியலாளர் எட்கார் மோரனும் பிரெஞ்சுக்குக் கொண்டுவந்தார்கள். படக்கருவியின் வழியாக மட்டுமே புலப்படும் உண்மை என்பது அதன் உட்பொருள். தமிழில் ‘உண்மைச் சினிமா’ என்று எழுதினால் மற்ற ஆவணப்படங்களெல்லாம் பொய் என்றாகிவிடும். கலைச்சொல் ஒரு படத்துக்கு நற்சான்று வழங்கக் கூடாது. படம் எடுப்பவர் எங்கே நிற்கிறார், என்ன செய்கிறார் என்பதைச் சொன்னால் போதும்.

அந்த அளவுகோலில் என் பரிந்துரை: டைரக்ட் சினிமாவுக்கு அவதானப் படம், சினிமா வெரித்தேவுக்கு உசாவல் படம்.

> அவதானம் எதற்கு? ‘உற்றுநோக்கல்’ பாடநூல்களிலேயே இருக்கிறதே.

நல்ல சொல்தான். ஆனால் அது கண்ணோடு நின்றுவிடுகிறது. அமெரிக்க ஆவணப்பட இயக்குநர் பிரெடரிக் வைஸ்மனை எடுத்துக்கொள்ளுங்கள். ‘டிடிகட் ஃபாலீஸ்’ (1967) தொடங்கி அவர் படங்களில் பின்னணி வருணனை இல்லை, பேட்டி இல்லை. படப்பிடிப்பில் அவர் தூக்கிக்கொண்டு திரிந்தது கேமராவை அன்று, ஒலிவாங்கியை. யார் பேசப்போகிறார் என்று காதால் பிடித்து, ஒலிவாங்கியை அந்தப் பக்கம் நீட்டி, ஒளிப்பதிவாளருக்கு வழிகாட்டியவர் அவர். பிறகு மாதக்கணக்கில் தாமே உட்கார்ந்து படத்தைத் தொகுப்பார். இந்த உழைப்பு முழுவதையும் ‘நோக்கல்’ தாங்காது. அவதானம் தாங்கும். அட்டாவதானி, சதாவதானி என்ற சொற்கள் நம்மிடம் இருக்கின்றன: கேள்விக்கு விடை சொல்லிக்கொண்டே மணி எத்தனை முறை அடித்தது என்றும் எண்ணி மனத்தில் வைப்பவர். கண், காது, நினைவு மூன்றும் அதில் உண்டு. இலங்கைத் தமிழில் ‘அவதானித்தேன்’ இன்றும் அன்றாடப் புழக்கத்தில் உள்ள சொல். வடசொல் என்பதற்காகவே தள்ள வேண்டும் என்பவர்களோடு நான் வாதாடப்போவதில்லை; அவர்கள் ‘உற்றுநோக்கற் படம்’ என்று எழுதட்டும், பொருள் கெடாது.

சுவரில் உட்கார்ந்த ஈபோல யார் கண்ணிலும் படாமல் கவனிப்பது என்ற ஆங்கில வழக்கை, ‘சுவர் ஈ முறை’ என்று அப்படியே பெயர்த்த பரிந்துரையை மட்டும் விட்டுவிடுவோம். வைஸ்மனே அந்த ஒப்புமையை வெறுத்தவர். ஈக்குச் சுயநினைவு கிடையாது, தமக்கு உண்டு என்பது அவர் வாதம். எதை வைப்பது, எதை வெட்டுவது என்ற முடிவு முழுவதும் அவருடையது.

இனி உசாவல். இதைப் பழஞ்சொல் என்று இருவர் தயங்கியிருக்கிறீர்கள். நூல்களின் கடைசியில் ‘உசாத்துணை’ என்று போடுகிறோமே, அது உயிரோடுதானே இருக்கிறது? தொல்காப்பியம் ‘உசாவே சூழ்ச்சி’ என்கிறது. அங்கே சூழ்ச்சிக்குப் பொருள் கலந்தாய்தல். வெறும் கேள்வியன்று, சேர்ந்து துருவுதல். ரூஷும் மோரனும் 1960 கோடையில் பாரிசில் எடுத்து 1961-இல் வெளியிட்ட ‘குரோனிக்கிள் ஆஃப் எ சம்மர்’ படத்தில் நடந்தது அதுவே. ‘நீங்கள் மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா?’ என்று வழிப்போக்கர்களை நிறுத்திக் கேட்டார்கள். இறுதியில், பங்கெடுத்தவர்களுக்கே படத்தைப் போட்டுக்காட்டி, யார் மனம்திறந்து பேசினார், யார் நடித்தார் என்று அவர்கள் சச்சரவிட்டுக்கொள்வதையும் படத்தில் சேர்த்தார்கள்.

அதே படத்தில் நம் இரு சொற்களையும் சோதிக்கும் காட்சி ஒன்று உண்டு. நாஜி முகாமிலிருந்து உயிர்மீண்ட மார்செலின் லொரிதான் பாரிசின் வெறிச்சோடிய பெரிய சந்தைக் கூடத்தின் வழியே நடக்கிறார். ஒலிப்பதிவுக் கருவி அவர் தோளில். திரும்பி வராத தந்தையிடம் பேசுவதுபோல் தமக்குள்ளேயே பேசிக்கொள்கிறார். கேமரா விலகிப் பின்னே போய்க்கொண்டிருக்கிறது. கேள்வி கேட்பவர் அருகில் எவரும் இல்லை. தோற்றத்தை மட்டும் பார்த்தால் அவதானம். ஆனால் அந்தக் கருவி தோளில் இல்லாவிட்டால் அந்தச் சொற்கள் பிறந்தே இரா. சூழலைப் படம்தான் உருவாக்கியது, ஆகவே உசாவல். கேள்வி ஒலிக்கிறதா என்பதைக் கொண்டு வகைப்படுத்தினால் இந்த இடத்தில் சறுக்குவோம். ‘நேர்காணல் படம்’ என்ற பரிந்துரை போதாது என்று நான் சொல்வதற்கும் இதுவே காரணம்.

நாஜிகளின் யூத இனப்படுகொலையைப் பற்றிக் குளோத் லான்ஸ்மன் எடுத்த ‘ஷோவா’வும் (1985) அப்படித்தான். ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் ஓடும் படத்தில் பழைய ஆவணக் காட்சி ஒன்றுகூட இல்லை. அந்தப் படுகொலையிலிருந்து உயிர்மீண்ட, ஓய்வுபெற்ற முடிதிருத்துநர் ஒருவரை, வாடகைக்கு எடுத்த கடையில் ஒருவருக்கு முடி வெட்டவைத்துக்கொண்டே நாஜிகளின் திரெப்ளிங்கா கொலைமுகாமைப் பற்றிப் பேசவைக்கிறார். கை பழகிய வேலையைச் செய்யும்போது நினைவு உடைகிறது. அவர் பேச முடியாமல் நின்றபோதும் லான்ஸ்மன் விடுவதில்லை. அது சரியா என்று இன்றும் கேட்கலாம். கேட்பதற்கு இடம் கொடுக்கிறது ‘உசாவல்’. ‘நேரடி’ என்ற சொல் அந்தக் கேள்வியையே மூடிவிடும்.

மற்றவை சுருக்கமாக. பின்னணிக் குரல் விளக்கிச்செல்லும் வகைக்கு ‘விவரணப் படம்’ போதும். எரால் மோரிஸின் ‘தி தின் புளூ லைன்’ (1988) ஒரே கொலையைச் சாட்சிக்குச் சாட்சி மாற்றி மாற்றிக் காட்டுகிறதே, அந்த உத்திக்கு ‘மீள்நிகழ்த்தல்’. ‘மீள்நடிப்பு’ என்றால் நடிகரின் திறமை பற்றிய பேச்சாகிவிடும்.

இலக்கணம் பற்றி: ‘அவதானித்துப் படமாக்கினார்’, ‘உசாவிப் படமாக்கினார்’ என்று வினையாகவும் இவை இயல்பாக நடக்கின்றன. ‘உசாவற்படம்’ என்று புணர்த்தி எழுதுவது முறைதான். ஆனால் முதன்முதலாகப் படிப்பவர் இடறக் கூடாது என்பதால் ‘உசாவல் படம்’ என்று பிரித்தே எழுதுவதை விரும்புகிறேன்.

நம் சொற்பட்டியலில் இப்படியே ஏற்றலாமா? மறுப்பவர்கள் எந்தப் படத்துக்கு இந்தச் சொற்கள் பொருந்தவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்.